வேப்பிலை கட்டிய தீப்பெட்டி ஆபீஸ்

1

எங்கள் வீட்டில் காலையில் முதலில் கேட்கும் சத்தம் இப்போது வெப்பமானியின் 'பீப்'தான். பள்ளிக்கூடத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். போன தடவை, ஆறு வருஷத்துக்கு முன்னால், சார்ஸ் காய்ச்சல். இந்தத் தடவை பன்றிக் காய்ச்சல். மகள் காவ்யா எழுந்ததும் அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் வகுப்பில் சொல்ல வேண்டும். பள்ளியில் கொடுத்த வெப்பமானியை அவள் எங்கோ தொலைத்துவிட்டாள். அதனால் என் பழையதை எடுத்துக் கொடுத்தேன். சார்ஸ் சமயத்தில் கம்பெனியில் கொடுத்தது. பாட்டரி மட்டும் மாற்றினேன், வேலை செய்கிறது.

காவ்யாவுக்குப் பதினான்கு வயது. அறைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள். கோபம் ஒன்றும் இல்லை, இங்கே அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் என்று மனைவி சொல்கிறாள். நான் வேலைக்குக் கிளம்பும்போது கதவுக்கு வெளியே நின்று, "எவ்வளவு?" என்று கேட்பேன். உள்ளேயிருந்து, "தேர்ட்டி சிக்ஸ் பாயின்ட் எய்ட்" என்று பதில் வரும். "சரி" என்பேன். ஒரு நாளைக்கு எங்களுக்குள் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்.

நான் சிங்கப்பூரில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இங்கே அரசாங்கத் தமிழில் அதை மின்தூக்கி என்பார்கள். ஊரில் ஒருமுறை வாய்தவறி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். கரண்டைத் திருடி மாட்டிக்கொண்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். தெர்மாமீட்டரையும் இப்போது வெப்பமானி என்றுதான் எழுத வருகிறது. ஊர் விட்டு வந்தவனின் தமிழ் இப்படித்தான் ஆகிப்போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அக்கா ஊரிலிருந்து போன் செய்தாள். அந்தப் போனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் சார்ஸ் வந்த வருஷத்தைச் சொல்லாமல் முடியாது.

2

அந்த வருஷம் சிங்கப்பூர் எப்படி இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வேலைக்குப் போகும் ஒவ்வொரு கட்டடத்திலும் வாசலில் ஒருவர் நின்று வெப்பம் பார்ப்பார். சரியாக இருந்தால் சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். நான் ஒரே நாளில் நாலைந்து கட்டடம் ஏறி இறங்குகிறவன். சாயங்காலம் வீடு திரும்பும்போது நெஞ்சு முழுக்கக் கலர் கலராக ஸ்டிக்கர் இருக்கும். காவ்யா அப்போது சின்னப் பிள்ளை. ஓடி வந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துத் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்வாள்.

அந்த நேரத்தில்தான் அய்யாவுக்கு முடியாமல் போனது. எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்போம். ஈரல் கெட்டு வயிறு வீங்கிவிட்டது. கோவில்பட்டி டாக்டர், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். அக்கா பேச்சியம்மாள் போனில், "கண்ணுல புரை வேற, ஆளு தெரியல. ஆனா உன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்காவ. வந்துட்டுப் போ" என்றாள். அம்மா முன்பே போய்விட்டாள். அய்யாவுக்கு நான் ஒரே மகன்.

கம்பெனியில் எச்சரித்தார்கள். போகலாம், ஆனால் எங்கே போனாலும் சிங்கப்பூரிலிருந்து வருகிறவனைப் பயந்துதான் பார்ப்பார்கள் என்றார்கள். சென்னை விமான நிலையத்தில் முகமூடி போட்ட ஒருவர் கேள்வி கேட்டார். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, போகும் ஊர் எது. ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. பசுவந்தனைப் பக்கம் என்றேன். அதுவும் தெரியவில்லை. கோவில்பட்டி என்றதும், "கடலைமிட்டாயா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். பத்து நாள் யாரோடும் சேராமல் வீட்டிலேயே இருங்கள் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்.

நான் ரயில் ஏறிக் கோவில்பட்டியில் இறங்கி, பஸ் பிடித்து, மெயின் ரோட்டில் ஊருக்குப் பாதை பிரியும் விலக்குக்கு வந்து சேர்வதற்கு முன்பே தகவல் வந்து சேர்ந்துவிட்டது. எந்த வேலையும் நேரத்துக்கு நடக்காத இடத்தில் இது மட்டும் எப்படி நடந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

3

பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊருக்குள் போக ஒரு மைல் நடக்க வேண்டும். நான் இறங்கியபோது ரோட்டில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எனக்கு வரவேற்பு என்று முதலில் நினைத்தேன். யாரும் பக்கத்தில் வரவில்லை.

டீக்கடை சண்முகம் அண்ணாச்சிதான் முதலில் பேசினார். தினமும் பேப்பரைச் சத்தமாக வாசித்து ஊருக்கு உலகத்தைச் சொல்கிறவர் அவர்தான்.

"தம்பி, தப்பா நெனைக்காத. அங்கனயே நில்லு. ஒருத்தன் இருமுனா ஒரு ஆஸ்பத்திரியே விழுந்துருதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். நீ ஊருக்குள்ள வந்து, நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏன் அண்ணாச்சி, சூரத்துல பிளேக்குன்னு ஊரே ஓடியாந்துச்சே, அன்னிக்கு உங்க மவன் முறுக்குக் கம்பெனியில இருந்து நடுங்கிக்கிட்டு வந்து எறங்கலியா? நாங்க யாராச்சும் ரோட்டுல நிறுத்துனமா?"

"அதுக்கு மாத்திர இருந்துச்சு. நர்சம்மா வீடு வீடா குடுத்தாவ. இதுக்கு மருந்தே இல்லைங்கான்."

"மருந்து இல்லன்னா மனுசனும் இல்லையோ?"

இதை எழுதும்போது சண்முகம் அண்ணாச்சியைக் கல்மனசுக்காரராகக் காட்டிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அவருக்கு வேறொரு பயம் இருந்தது, அதை ஒளிக்காமல் சொல்லவும் செய்தார். தினமும் விடியற்காலையில் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ்களிலிருந்து, அதாவது தொழிற்சாலைகளிலிருந்து, எங்கள் ஊருக்கு வேன் வரும். வீட்டுக்கு ஒரு பெண்ணாவது அதில் வேலைக்குப் போகும். மழை பொய்த்த வருஷம் அது. காடு வெடித்துக் கிடந்தது. அந்த வேன் சம்பளத்தில்தான் ஊரில் உலை வைத்தார்கள். சிங்கப்பூர்க்காரன் சீக்கோடு வந்திருக்கிறான் என்று கோவில்பட்டியில் யாராவது சொல்லிவிட்டால் வேன் வராது. அவர் வீட்டிலும் இரண்டு மருமகள்கள் அதில் போனார்கள்.

அப்போது சுகாதார நர்சம்மா வண்டியில் வந்து இறங்கினார். பாவம், அவருக்கே மேலிடத்திலிருந்து ஒன்றும் தெளிவாகச் சொல்லவில்லை. "தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாம். ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. ஒண்ணும் இல்லன்னா ரெண்டு மூணு நாள்ல விட்டுருவாங்க. இல்லன்னா இங்கயே பத்து நாள் தனியா இருக்கணும். ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க" என்றார்.

விவாதம் தொடர்ந்தது. தூத்துக்குடிக்கு அனுப்பு என்றார்கள் சிலர். ஆம்புலன்ஸ் வந்தால் வேன் டிரைவருக்குத் தெரிந்துபோகும் என்றார்கள் சிலர். ஆட்டுக் கிடைக்காரர் ஒருவர், ஆட்டுக்குச் சீக்கு வந்தால் தனியாகத்தான் அடைப்போம், மனுசனுக்கு மட்டும் என்ன என்றார். நான் பெட்டியின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே சமயங்களில் மறந்துபோனது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பூசாரி மாடசாமி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஊருக்குள் போனார். நேரம் கழித்துத் திரும்பினார். கையில் வேப்பங்குழை. சித்திரை மாதம், பூவோடு இருந்தது.

"ஆத்தா வந்திருக்கான்னு வையிங்க. கட்டிருதேன். பேச்சு முடிஞ்சிது" என்றார்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் அம்மை போட்டால் நோய் என்று சொல்வதில்லை, ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வாசலில் வேப்பிலை கட்டிவிட்டால் அந்த வீட்டுக்குள் யாரும் போக மாட்டார்கள், அங்கிருந்து யாரும் வெளியே வர மாட்டார்கள். ஆனால் அவனை ஊரைவிட்டுப் போ என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராது. ஆத்தா இருக்கும் ஆளை விரட்டுவது பாவம். வேன் டிரைவரும் கேட்டால், அம்மையா, சரி என்று போய்விடுவான். சித்திரையில் எந்த ஊரில்தான் அம்மை இல்லை?

எல்லாருக்கும் மூச்சு வந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கும் ஊருக்கும் நடுவே மூடிக் கிடந்த ஒரு பழைய தீப்பெட்டி ஆபீசைத் திறந்துவிட்டார்கள். அதன் வாசல் நிலையில் பூசாரி வேப்பிலையைச் செருகினார்.

4

உள்ளே குச்சி அடுக்கும் மரச்சட்டங்கள் குவிந்து கிடந்தன. வருஷக்கணக்கில் மூடியிருந்தும் தீக்குச்சி மருந்தின் வாடை போகவில்லை. அக்கா கட்டிலும் குடமும் கொண்டுவந்து வைத்தாள். வேளாவேளைக்குத் தூக்குவாளியில் சோறு வைத்துவிட்டு எட்டப் போய் நிற்பாள். அம்மை வீட்டுச் சாப்பாடு, தாளிப்பு கிடையாது. கம்மங்கூழ், மோர், உப்பில்லாத பருப்பு. முகம் சவரம் செய்யக்கூடாது. எனக்கு நோய் இல்லை, பத்தியம் மட்டும் இருந்தது.

முதல் நாள் காலையில் வாசலுக்கு எதிரே ரோட்டின் மறுபக்கம் ஒரு சின்னக் கூட்டம் கூடிவிட்டது. நான் வெப்பமானியை வாயில் வைத்து எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "முப்பத்தாறு புள்ளி எட்டு" என்று கத்தினேன்.

கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"முப்பத்தாறா?" என்றார் சண்முகம் அண்ணாச்சி. "தொண்ணூத்தெட்டுல்லா இருக்கணும்? ஏலே, இவன் உடம்பு சில்லிட்டுப் போயிருக்குலே!"

அந்த ஒரு வார்த்தை போதும். சீனாக்காரன் சீக்கு சூடேற்றாது, உள்ளுக்குள் குளிரவைத்துக் கொல்லும் என்று மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவாட்டி, அந்தக் கத்திரி வெயிலில், வாசலில் ஒரு கம்பளிப் போர்வையை வைத்துவிட்டுப் போயிருந்தாள். கூடவே சுக்குக் கருப்பட்டிக் காப்பி. சாயங்காலம் நர்சம்மா வந்து டீக்கடை முன்னால் நின்று, அது வேற அளவு, இது வேற அளவு, ரெண்டும் ஒண்ணுதான் என்று விளக்கினார். அதன் பிறகு எங்கள் ஊரில் முப்பத்தேழுக்குக் கீழே இருந்தால் நல்லது என்பது டீக்கடைக்கு வரும் எல்லாருக்கும் தெரியும். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல என்னைக் கேட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார்கள்.

மறுநாளிலிருந்து அய்யாவை அழைத்துவர ஆரம்பித்தார்கள். கட்டிலோடு தூக்கிவந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் உடைமர நிழலில் இறக்கிவைப்பார்கள். வீட்டுக்குள் புழுக்கம், மூச்சு விட முடியவில்லை, காற்று வாங்கட்டும் என்றுதான் கொண்டுவருகிறோம் என்று அக்கா சொன்னாள். அய்யா இளைத்துப்போய் வயிறு மட்டும் தெரிந்தது. முகத்தை என் பக்கம் திருப்புவார், ஆனால் கண் வேறெங்கோ நிற்கும்.

"எவ்வளவு?" என்று கேட்பார். சத்தம் போட்டுக் கேட்க அவருக்குத் தெம்பு இல்லை. அக்கா வாங்கிச் சத்தமாகச் சொல்வாள்.

"முப்பத்தாறு புள்ளி ஏழு!"

"சரி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "எவ்வளவு?" என்பார். நான் மறுபடி கத்துவேன். கிழவருக்கு மறதி என்று நினைத்தேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. ரோட்டைத் தாண்டிக் கத்திப் பேசுவதற்கு எங்களிடம் எப்போதும் அதிகம் விஷயம் இருந்ததில்லை.

5

ஒரு நாள் காலையில் கட்டில் வரவில்லை.

வெப்பமானியை அப்போதுதான் வாயில் வைத்திருந்தேன். அக்கா தூக்குவாளி இல்லாமல் வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நின்றுகொண்டு, "ஏலே, அய்யா போயிட்டாவலே" என்றாள்.

நான் அசையவில்லை. 'பீப்' அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அடித்தது. எடுத்துப் பார்த்தேன். முப்பத்தாறு புள்ளி ஐந்து. அதைச் சொல்லவும் செய்தேன் என்று அக்கா பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகுதான் வேப்பிலை என்றால் என்னவென்று புரிந்தது. ஆத்தா இருக்கும் ஆள் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. சாவு வீட்டு ஆள் அங்கே வரக் கூடாது. பிணம் அந்த வாசல் வழியாகப் போகக் கூடாது. இது எனக்குத் தெரியாததில்லை, சிறு வயதிலிருந்தே தெரிந்த விஷயம். ஆனால் எனக்கு அம்மை இல்லையே என்றுதான் மனசு ஓடியது.

மதியத்துக்குள் நாகலாபுரத்திலிருந்தும் பசுவந்தனையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அக்கா பூசாரியை என் வாசலுக்கு எதிரே இழுத்துவந்து நிறுத்தினாள். பின்னாலேயே நாலைந்து பேர் வந்தார்கள்.

"எடுத்து எறியும் அந்தக் குழைய. அவனுக்கு என்ன அம்மையா போட்டிருக்கு? ஊருக்கே தெரியும், பொய்யின்னு. ஒரே மவன் ஓய்! அவன் கொள்ளி வைக்காம வேற எவன் வைப்பான்?"

"ஊருக்குத் தெரியும். வந்திருக்க சனத்துக்குத் தெரியுமா?" என்றார் சண்முகம் அண்ணாச்சி. அழுதிருந்தார், கண் சிவந்திருந்தது. "ஆத்தான்னு சொல்லிட்டோம் பேச்சி. இப்ப அவன் வெளிய வந்தா, பெறவு எதுக்கு அவன அங்கன வச்சிருந்தீங்கன்னு கேப்பாவ. நாளைக்கு வேன் வராது."

"தண்ணி ஊத்தாம குழைய எடுக்கப்படாது. மூணு தண்ணி ஊத்தணும். நான் கட்டுனாலும் கட்டினது ஆத்தா பேரச் சொல்லி" என்றார் பூசாரி. பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, மாமா அன்னிக்கு…" என்று ஆரம்பித்தார். அய்யாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"சும்மா இரியும்" என்றாள் அக்கா.

அந்த வார்த்தையோடு விவாதம் முடிந்துவிட்டது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். மற்றவர்களும் போனார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

பாடை என் வாசல் வழியாகப் போகவில்லை. ஓடைப் பாதையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொட்டுச் சத்தம் ஒரு பக்கம் ஆரம்பித்து, எனக்குப் பின்னால் நகர்ந்து, இன்னொரு பக்கம் போய் அடங்கியது. நான் ஜன்னலுக்கு ஜன்னல் மாறினேன். கரிசல் காட்டில் பார்வையை மறிக்க ஒன்றும் கிடையாது. தூரத்தில் புகை எழுந்தது தெரிந்தது. பங்காளி வகைத் தம்பி ஒருவன் கொள்ளி வைத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னைச் சுற்றி உடைந்த தீப்பெட்டிகள் கிடந்தன. நான் அழவில்லை. அழ வேண்டும் என்று முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை. பசித்தது. அன்று யாரும் சோறு கொண்டுவரவில்லை.

6

பத்து நாள் முடிந்ததும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மூன்று தடவை தலைக்கு ஊற்றினார்கள். வராத நோயிலிருந்து நான் குணமானேன். சண்முகம் அண்ணாச்சிதான் முதல் ஆளாக வந்து கட்டிப்பிடித்தார். நான் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு லீவு இல்லை.

சிங்கப்பூர் திரும்பியதும் அனுதாப விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். இறுதிச் சடங்கில் கலந்துகொள்கிறவர்களுக்குத்தான் அந்த விடுப்பு. அலுவலகத்துப் பெண், "அட்டெண்ட் பண்ணினீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஊருக்குப் போனீர்களே, அப்புறம் ஏன் என்றாள். வேப்பிலையை ஆங்கிலத்தில் விளக்க முயன்றேன். ஒரு செடியின் இலையைக் கதவில் வைத்தார்கள், அதனால் நான் வெளியே வரவில்லை என்றுதான் வாயில் வந்தது. அவள் கம்ப்யூட்டரில் 'ஆம்' என்று தானே தட்டிக்கொண்டாள். நல்ல பெண்.

அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவே இல்லை. கேட்டவர்களிடம் வேலை, பிள்ளை படிப்பு என்று சொன்னேன். தூத்துக்குடிக்கு அனுப்பியிருந்தால் ரத்தம் எடுத்துப் பார்த்து விட்டிருப்பார்கள், நான் வந்து எல்லாம் செய்திருப்பேன். ஊர் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. இந்த ஒரு நினைப்பை மட்டும் சூடு ஆறாமல் வைத்திருந்தேன். மற்றதெல்லாம் மரத்துப்போய்விட்டது. அண்ணாச்சி எப்போதாவது அக்கா போனில் பேச வருவார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவேன்.

7

போன வாரம் வந்த போனுக்கு வருகிறேன். அக்காவின் இளைய மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் நான், போகாமல் இருக்க முடியாது. டிக்கெட் முன்பே எடுத்திருந்தேன். அக்கா தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"மாப்பிள்ள வீட்டுல கொஞ்சம் பயப்படுதாவ. பன்னிக் காய்ச்சல்னு டிவியில காட்டிக்கிட்டே இருக்கான்லா. டீக்கடையிலயும் மறுபடி பேச்சாத்தான் கெடக்கு. நீ ஒரு பத்து நாள் முன்னாடியே வந்துரேன். அந்தத் தீப்பெட்டி ஆபீசச் சுத்தம் பண்ணி வைக்கேன். நானே சோறு கொண்டாரேன்."

எனக்குள் என்னவோ அறுந்தது. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன், ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அதையும் மறந்து கத்தினேன். "மறுபடியும் கட்டப் போறீங்களா? ஒரு தடவ கட்டி எங்கய்யாவுக்குக் கொள்ளி வைக்க விடாமப் பண்ணினீங்களே, பத்தாதா? அந்த ஊரு மூஞ்சியிலயே நான் முழிக்கல. வேற தாய்மாமனப் பாத்துக்கோ."

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஏலே, ஊரு கட்டல. அய்யாதான் கட்டச் சொன்னாவ."

அவளே சொன்னாள்.

"நீ ரோட்டுல பெட்டி மேல உக்காந்திருந்தல்லா, அப்ப பூசாரி வீட்டுக்கு வந்தாரு. நானும் பின்னாலேயே வந்துட்டேன். அவரு ஒளிக்காமச் சொன்னாரு. 'மாமா, தூத்துக்குடிக்கு அனுப்புனா ரெண்டு மூணு நாள்ல சுத்தமா வந்துருவான், நாளப்பின்ன எல்லாம் செய்யலாம். குழையக் கட்டிட்டா ஊருக்குள்ளயே இருப்பான், ஆனா இந்தப் பத்து நாள்ல உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவன் கொள்ளிக்கு வர முடியாது. நீங்களே சொல்லுங்க'ன்னாரு. அய்யா யோசிக்கவே இல்ல. 'கட்டு'ன்னாவ. 'அவன் போயி வார வரைக்கும் நான் கெடப்பனா? செத்த பெறவு எவன் கொள்ளி வச்சா எனக்குத் தெரியவா போவுது. இருக்கும்போது அவன் சத்தம் காதுல விழட்டும்'னாவ."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. 'சொன்னா அவன் ஒடைஞ்சிருவான். ஊரு மேல கோவப்பட்டுட்டுப் போகட்டும், கோவம் ஆறிரும்'னாவ. எங்கலே ஆறிச்சு? அன்னிக்கு நான் குழைய எடுக்கச் சொல்லி மல்லுக்கு நின்னேன். பூசாரி வாயத் தெறந்ததும் அய்யா சொன்னது நெனப்பு வந்துட்டு. வாயடைச்சுப் போயிட்டேன்."

"காத்து வாங்கத்தான் கொண்டுவாறோம்னு சொன்னியே அக்கா."

"அந்த வெயில்ல என்னலே காத்து? உங்கிட்டத்தான் கொண்டு போங்கன்னு விடியுமுன்ன இருந்து பிடிவாதம். கண்ணுதான் தெரியலியே. அதான் கேட்டுக்கிட்டே கெடந்தாவ."

நான் போனை வைத்துவிட்டு மேலே வந்தேன். அன்று லிஃப்டில் ஏறவில்லை, படியேறி வந்தேன். ஏன் என்று தெரியவில்லை. அப்போதும் அழுகை வரவில்லை. ஒரு விஷயம் மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நர்சம்மா டீக்கடை முன்னால் நின்று முப்பத்தாறுக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் விளக்கம் சொன்னபோது அய்யா அங்கே இல்லை. வீட்டில் படுத்துக் கிடந்தார். நான் தொண்டை கிழியக் கத்திய அந்த எண் நல்லதா கெட்டதா என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள அவர் கேட்கவும் இல்லை.

மறுநாள் கம்பெனியில் லீவை நீட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். டிக்கெட் தேதியை முன்னால் மாற்ற முடியுமா என்று பார்க்கிறார்கள். தீப்பெட்டி ஆபீசைச் சுத்தம் செய்யச் சொல்லி அக்காவிடம் சொல்லிவிட்டேன். சண்முகம் அண்ணாச்சியிடமும் பேசினேன். "வா தம்பி, வா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போலக் காவ்யாவின் கதவுக்கு வெளியே நின்றேன்.

"எவ்வளவு?"

"தேர்ட்டி சிக்ஸ் பாயின்ட் செவன்."

"சரி" என்றேன். வாசல்வரை போய்ச் செருப்பைப் போட்டேன். பிறகு செருப்போடேயே திரும்பிவந்து கதவுக்கு முன்னால் நின்றேன்.

"எவ்வளவும்மா?"

"அப்பா, இப்பத்தானே சொன்னேன்!" என்றாள் உள்ளேயிருந்து. எரிச்சலோடுதான் சொன்னாள். கேட்டுக்கொண்டு நின்றேன்.